ரம்பத்தின் எடை

செஞ்சியில் ராஜகிரியின் உச்சிக்கோட்டைக்கு ஏறும் வழி கடைசியில் ஒரு பிளவின் விளிம்பில் வந்து நின்றுவிடுகிறது. பாறை தானே பிளந்து உண்டான அந்தப் பள்ளம் சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். கோட்டை உயிரோடிருந்த காலத்தில் அதைத் தாண்ட உதவியது, வேண்டும்போது போட்டு ஆபத்தின்போது எடுத்துவிடும் மரப்பாலம். மராட்டிய மன்னர் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்திருக்க, சுல்பிகர் கானின் முகலாயப் படை 1690 முதல் 1698 வரை கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்த கதையைச் சொல்பவர்கள் இந்தப் பிளவைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். போர்த்தந்திரம் என்ற அளவில் அது சரிதான். ஆனால் பாலம் என்பது முதலில் ஒரு தச்சுவேலை. 24 அடிப் பிளவின் இருபுறமும் பாறையில் ஊன்றி நிற்க உத்திரம் 30 அடியாவது வேண்டும். ஓரடிக்கு ஓரடி சதுரம் என்றும், தேக்கு என்றும் வைத்துக்கொண்டால் ஒரு உத்திரத்தின் எடை ஏறக்குறைய 550 கிலோ. அதே உத்திரம் அறுபடாமல் உருட்டுக்கட்டையாக இருந்திருந்தால் 850 கிலோ. சுமார் 800 அடி உயரமுள்ள குன்றில், படிகளும் வளைவான வாயில்களும் உள்ள வழியில், அந்த 300 கிலோவை யாரும் வீணுக்குத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்க மாட்டார்கள். மரம் அடிவாரத்திலேயே அறுபட்டுத்தான் மேலே போயிருக்க வேண்டும்.

இந்தச் சின்னக் கணக்குக்குள் மர அறுவைத் தொழிலின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பது என் வாதம். ரம்பம் மரத்தைத் தேடிப் போக வேண்டுமா, மரம் ரம்பத்தைத் தேடி வர வேண்டுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஊரும் ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. ரம்பத்தின் உருவம், எடை, கைப்பிடி எல்லாம் அந்தப் பதிலிலிருந்தே பிறந்தவை. இன்றைக்கு ஒரு தச்சர் கடையில் நின்று திருகுப்புரியால் இயங்கும், எடை குறைந்த வார்ம் டிரைவ் வட்ட ரம்பம் வாங்கலாமா என்று யோசிக்கும்போது, தன் தோளுக்கும் பணப்பைக்கும் எது தாங்கும் என்று பார்ப்பதாகத்தான் தோன்றும். அதற்கு முன்பே அவர் ஊர் வீடுகளை எதனால் கட்டுகிறது என்பது பாதி முடிவை எடுத்துவிட்டது.

செஞ்சியில் போய் மரத்தின் வரலாற்றைத் தேடுவது பாலைவனத்தில் படகு தேடுவது போல என்று ஒருவர் சிரிக்கலாம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை இது. பார்க்க வருபவர் கண்ணில் படுவதெல்லாம் கருங்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். நெற்களஞ்சியத்தின் கூரை செங்கல் வளைவு. கல்யாண மகாலின் அடுக்குகள் தூணும் வளைவுமாக ஏறுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படுவதும் கல்தூண்களைத்தான். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி அவை நிற்கின்றன. ஆனால் மரம் இல்லாதது வேறு, மரம் மிஞ்சாதது வேறு. இந்தப் பகுதியே அதற்குச் சான்று வைத்திருக்கிறது. செஞ்சி–விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இக்கோயில் எடுக்கப்பட்டது என்று பெருமைப்படுகிறது. இல்லாததை ஒரு அரசன் இப்படிப் பட்டியல் போட வேண்டுமானால், அதுவரை கோயில் என்றாலே அவற்றால் கட்டியதுதான் என்று அர்த்தம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தச்சன் தொழிலில் கல்தச்சன் பங்கு கேட்ட தருணம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் கல் முழுக்க வென்றுவிடவில்லை. கோட்டை வாயில் என்றால் கதவு வேண்டும்; கல்லில் குடுமிக் குழி வெட்டலாம், அதில் சுழலும் அவ்வளவு பெரிய கதவைக் கல்லில் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. உத்திரத்தைச் சதுரமாக்க ரம்பம் எதற்கு? கோடரியும் வாய்ச்சியும் போதுமே. இது உண்மை. பனையைப் பிளந்து வாரை எடுத்து வீடு கட்டிய இந்த நாட்டில் ரம்பமே படாத கூரைகள் ஏராளமாக இருந்தன. ஆனால் பாலத்தின்மேல் நடக்கப் பலகை வேண்டும். கதவுக்கும் பலகை வேண்டும். கோடரியால் பலகை எடுத்தால் மரத்தில் பாதிக்குமேல் சிராய்த்தூளாகப் போகும். பலகை என்ற பொருள் வந்ததுமே ரம்பம் தவிர்க்க முடியாததாகிறது. அந்த ரம்பம் இருவர் இழுக்கும் ரம்பம். கட்டையைச் சாய்த்து முட்டுக்கொடுத்தோ, குழியின் குறுக்கே கிடத்தியோ, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று அறுப்பார்கள். கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் தூள் கொட்டும். தச்சர் வேறு, மரம் அறுப்பவர் வேறு, கூலியும் வேறு. தச்சரின் கைரம்பமோ பல் தன்பக்கம் பார்த்தது, இழுக்கும்போது அறுப்பது. தரையில் உட்கார்ந்து காலால் கட்டையை அமுக்கிக்கொண்டு வேலை செய்பவருக்கு அதுதான் தோது. பெரிய ரம்பம் மரம் விழுந்த இடத்துக்கே போயிற்று. இரண்டு ஆள், ஒரு இரும்புத் தகடு, முட்டுக்கொடுக்க நாலு கட்டை, தொழிற்கூடம் அவ்வளவுதான்.

வட்ட ரம்பம் இதைத் தலைகீழாக்கியது. 1777இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையில் அது முதலில் தலைகாட்டுகிறது. சுழலும் தகட்டுக்குக் காற்றோ நீரோ நீராவியோ வேண்டும். அவை எதுவும் மரத்தடிக்கு வராது. எனவே மரம் நகரத் தொடங்கியது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நிலம்பூரில் கலெக்டர் கானலி 1840களில் தேக்குத் தோட்டம் போட்டதும், 1883இல் அந்தமானின் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை எழுந்ததும், பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்ததும் இந்தப் புதிய திசையின் பகுதிகளே. துறைமுகத்திலும் ரயில் நிலையத்திலும் மரவாடிகள் முளைத்தன. செஞ்சிக்கு இன்றுவரை ரயில் இல்லை. பக்கத்து ரயிலடி திண்டிவனம். ஆகவே இங்கே வெளியூர் மரம் வண்டியிலும் லாரியிலும்தான் வர வேண்டும். அறுத்த சட்டமாக வந்தால் பாரம் மிச்சம். ராஜகிரி ஏறிய உத்திரத்தின் கணக்கேதான். பிற்பாடு சட்டமும் மரத்தை ரம்பத்தோடு கட்டிப்போட்டது. கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடக்கும் அறுவை மில்களை நிறுத்தியது. நிலையாக ஓரிடத்தில் இருக்கும் ரம்பத்தைக் கண்காணிக்கலாம் என்பது அரசுகளுக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ரம்பம் மறுபடி மரத்தைத் தேடிப் புறப்பட்டது அமெரிக்காவில். கரும்பு வெட்டும் கத்திக்கு மோட்டார் பொருத்தப் பார்த்த எட்மண்ட் மிஷெல் 1920களின் தொடக்கத்தில் கையில் பிடித்து அறுக்கும் மின்ரம்பத்தை உருவாக்கினார். ஜோசப் சல்லிவன் துணையோடு 1924இல் நிறுவனம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் ஸ்கில்சா. 1937இல் வந்த அதன் 77ஆம் மாடல் இன்றும் வார்ம் டிரைவ் ரம்பங்களுக்கு இலக்கணம். மோட்டார் தகட்டுக்கு இணையாக நீளவாக்கில் கிடக்கும். அதன் நுனியிலுள்ள திருகுப்புரி ஒரு பல்சக்கரத்தைச் செங்கோணத்தில் திருப்பும். வேகம் குறைந்து விசை கூடும். இந்தத் திருகு இயக்கம் நமக்கு அந்நியமும் இல்லை. இந்தியாவில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்த சர்க்கியின் உருளைகளை மரத்தில் செதுக்கிய இதே திருகுப்புரி எத்தனையோ நூற்றாண்டுகள் சுழற்றியது. அமெரிக்கத் தச்சருக்கு இந்த ரம்பம் ஏன் தேவைப்பட்டது என்றால், அங்கே வீடே மரம். 1945க்குப் பிறகு கலிபோர்னியாவில் தெருத்தெருவாக எழுந்த வீடுகளில் சுவர்ச்சட்டம், தளம், கூரை எல்லாம் மரச்சட்டங்கள். நின்ற இடத்திலேயே நாளெல்லாம் குறுக்கறுப்பு. ரம்பம் ஒல்லியாக நீண்டிருப்பதால் கை எட்டாத இடத்துக்கும் எட்டும். தகடு இடப்பக்கம் இருப்பதால் வலக்கைக்காரருக்குக் கோடு தெரியும். ஆனால் கனம். 1920களின் இறுதியில் போர்ட்டர்-கேபிள் நிறுவனத்தின் ஆர்ட் எம்மன்ஸ் மோட்டாரைப் பக்கவாட்டில் வைத்து வடிவமைத்தது கச்சிதமாக, எடையில் குறைவாக அமைந்தது. இன்று உலகெங்கும் கடையில் தொங்குபவை பெரும்பாலும் அந்த வம்சம். வார்ம் டிரைவ் இதற்குச் சொன்ன பதில் மக்னீசியம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் மக்னீசியத்துக்கு 1.74. கூட்டை அதில் வார்த்ததும் 6 கிலோவுக்கு மேலிருந்த ரம்பம் 5 கிலோவை நெருங்கியது.

கனமான ரம்பமே நல்லது, அது துள்ளாது, தன் எடையாலேயே மரத்தில் இறங்கும் என்று பழகிய கைகள் சொல்லும். கீழ்நோக்கி அறுக்கும்வரை அது சரி. சாரத்தில் நின்று, நட்டுவைத்த நிலையைப் பக்கவாட்டில் அறுக்க நேர்ந்தால் அந்த எடை முழுவதும் மணிக்கட்டில்தான் தொங்கும். துள்ளாமல் காப்பது எடையைவிட அதிகமாகத் தகட்டின் கூர்மையும் கட்டையை முட்டுக்கொடுக்கும் முறையும் என்பதால், எடை குறைந்ததைத் தேடுவதில் நான் குறை காணவில்லை. எனக்குள்ள சந்தேகம் வேறு. நாளெல்லாம் மரச்சட்டம் அறுக்கும் வேலை செஞ்சியில் எங்கே இருக்கிறது? வீடு செங்கல், தளம் கான்கிரீட். மர உத்திரங்களின்மேல் செங்கல் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் உத்திர வரிசையும் போய்விட்டது. தச்சருக்கு மிஞ்சியது நிலை, கதவு, சன்னல், பிளைவுட் அலமாரி. நிலைச்சட்டம் மரவாடியில் அளவாக அறுபட்டே வருகிறது.

இங்கே நடைமுறையில் வட்ட ரம்பத்தின் இடத்தைப் பிடித்திருப்பது மார்பிள் கட்டர் என்பது கருங்கல் ஊருக்குப் பொருத்தமான வேடிக்கை. 4 அங்குலக் கல்வெட்டும் மெஷினில் மரத்தகட்டை மாட்டிப் பிளைவுட் அறுப்பதைத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கலாம். மலிவு, மூன்று கிலோவைச் சுற்றித்தான் எடை, தரைக்கல் வேலைக்கும் ஆகும். தச்சர்கள் அறியாமையால் இதை எடுப்பதாகச் சொல்வது அநியாயம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அதன் ஆழம் தாராளம். குறை இருப்பது வேகத்தில். அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்குமேல் போவது. மரத்துக்கென்று செய்த வட்ட ரம்பங்கள் ஏறக்குறைய 4,500 முதல் 6,000 வரையில் நிற்கும். அந்த வேகத்தைத் தாங்கும் என்று எழுதப்படாத பல்தகட்டை மாட்டுவதும், தகடு கொள்ளவில்லை என்று காப்பு மூடியைக் கழற்றிவிடுவதும் விரலோடு விளையாடுவது. இந்தக் காரணத்துக்காகவே, மரவேலை மட்டும் செய்பவர் உண்மையான வட்ட ரம்பத்துக்கு மாற வேண்டும் என்பேன்.

மாறும்போது எது? 7¼ அங்குலத் தகடு சுமார் 60 மில்லிமீட்டர் ஆழம் அறுக்கும். 3 அங்குல நிலைச்சட்டத்தைத் திருப்பிப்போட்டு இரண்டு முறை ஓட்டினால் முடிந்தது. இதற்குப் பக்கவாட்டு மோட்டார் ரம்பமே போதும். வார்ம் டிரைவ் பெரும்பாலும் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்யப்படுகிறது. நம் 230 வோல்ட்டில் அதை ஓட்டத் தேவைப்படும் டிரான்ஸ்ஃபார்மர் ரம்பத்தைவிடக் கனமானது. மக்னீசியத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அது தின்றுவிடும். பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். கிளையோ நடுத்தண்டோ வளைந்த பழைய வேம்பையும் பூவரசையும் தோட்டத்திலேயே அறுத்துச் சட்டமாக்குபவர், இடித்த வீட்டின் தேக்கு உத்திரங்களை வாங்கி அங்கேயே துண்டுபோடுபவர், இவர்களுக்கு அந்தக் கூடுதல் விசை பயன்படும். அவர்களும் இப்போது பாட்டரியில் ஓடும் பின்கைப்பிடி ரம்பங்களை ஒருமுறை பார்த்துவிடலாம். வார்ம் டிரைவின் நீண்ட உருவமும் இடப்பக்கத் தகடும் அவற்றில் இருக்கின்றன. வயர் இல்லாததால் வோல்ட் சிக்கல் சார்ஜரோடு நின்றுவிடுகிறது.