குடும்ப அட்டைப் பொதுத்தரம்

குடும்ப அட்டைப் பொதுத்தரம் என்பது, ஒரு மாநிலம் வழங்கிய ரேஷன் அட்டைக்கு இன்னொரு மாநிலத்தின் நியாயவிலைக் கடையிலும் பொருள் கிடைப்பதற்கான ஏற்பாடு. எண்முறை, தரவு வடிவம், செலவுப் பொறுப்பு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். மாநில எல்லையை ஒட்டிய தேனி மாவட்டத்தில் இதன் பயனும் குறையும் தெளிவாகத் தெரிகின்றன. கம்பம், கூடலூர், போடி பகுதித் தொழிலாளர்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கையிலிருப்பது தமிழக அட்டை. தோட்டத்துக்கு அருகிலிருப்பது கேரளத்துக் கடை.

அட்டையில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பதைவிட, அதை ஏற்பவர்களிடையே என்ன உடன்பாடு இருக்கிறது என்பதே முக்கியம் என்பதற்கு ஐரோப்பா முன்னுதாரணம். நாடுகளுக்குப் பொதுவான சில்லு அட்டைக் கட்டமைப்பை உருவாக்கும் முயற்சி 2000ஐ ஒட்டி அங்கே தொடங்கியது. ஆனால் மக்களிடம் பரவலாகச் சேர்ந்தது 2004 ஜூனில் வந்த ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை. அதற்குச் சில்லு கட்டாயமில்லை. எந்த விவரம் எந்த இடத்தில் இருக்கும் என்ற பொது அமைப்பும், சிகிச்சைச் செலவை எந்த நாடு ஏற்கும் என்ற விதியும் முன்பே முடிவாகியிருந்ததால் அது எல்லை தாண்டியது.

தமிழகத்தில் 2005இல் வழங்கிய தாள் அட்டையில், காலம் முடிந்த பிறகு ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டிக் காலத்தை நீட்டித்தார்கள். 2017 ஏப்ரலில் மின்னணு குடும்ப அட்டை வந்தது. ஸ்மார்ட் கார்டு என்று அழைக்கப்பட்டாலும் அதில் இருப்பது சில்லு அல்ல, கியூ.ஆர். குறியீடு. கடைக்காரர் கருவியில் அதைக் காட்டியதும் பட்டியல் பதிவாகி, கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். ஆயினும் அந்த அட்டை குமுளியைத் தாண்டிச் செல்லவில்லை. 2019 ஆகஸ்டில் ஆந்திரம்–தெலங்கானா, குஜராத்–மகாராஷ்டிரம் ஆகிய இரு இணைகளில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில், மாநிலக் குறியீட்டு இலக்கங்களுடன் தொடங்கும் பத்திலக்க எண்முறையை மத்திய அரசு வகுத்தது. கேரளம் 2020 ஜனவரியிலும் தமிழகம் அதே ஆண்டு அக்டோபரிலும் சேர்ந்தன. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கெடு விதித்தது. 2022 ஜூனில் அசாம் கடைசியாக இணைந்தது.

காலையில் ஜீப்பில் போய் மாலையில் திரும்புபவருக்கு இத்திட்டம் எதற்கு என்று கேட்கலாம். அவருக்குத் தேவையில்லைதான். தோட்டத்திலேயே தங்குபவருக்குத் தேவை: தம் பங்கை அங்கே வாங்கிக்கொண்டு, மீதியைக் கம்பத்திலுள்ள குடும்பத்துக்கு விட்டுவைக்கலாம். கைரேகை தேய்ந்த கூலித் தொழிலாளியை இது ஒதுக்கிவிடும் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். உள்ளூர்க் கடைக்காரருக்கு ஆளைத் தெரியும். வெளிமாநிலத்தில் ஆதார் சரிபார்ப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழிகள் எல்லைக்கு இரு புறமும் இருந்தால்தான் இக்குறை தீரும். பொதுத்தரம் வந்தால் மாநிலத் திட்டம் அழிந்துவிடும் என்ற அச்சம் மட்டும் பொய்த்தது: தமிழகம் அனைவருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை.

ஆனால் அந்தத் தாராளம் மலை ஏறுவதில்லை. எல்லை தாண்டிச் செல்வது 2013 ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்கு உரிய தானியம் மட்டுமே. தமிழக அரசு தன் பணத்தில் தரும் துவரம் பருப்பும் பாமாயிலும் இடுக்கிக் கடையில் கிடையா. முன்னுரிமையற்ற அட்டைக்கு அங்கே அரிசியும் இல்லை. தரவுக்குப் பொதுத்தரம் வந்துவிட்டது, செலவுக்கு மத்திய ஒதுக்கீட்டைத் தாண்டி வரவில்லை. அண்டை மாநிலங்கள் இரண்டும் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் முறையை வகுக்காத வரை, இத்திட்டம் பாதி நிறைவேறியதாகவே கொள்ளத்தக்கது.