எத்தனை கஜம்? ஜூட் சூட்டும் இளையோர் உடையின் பொருளும்

இளையோரின் உடை எதைச் சொல்கிறது என்ற கேள்விக்குச் சமூகவியல் நெடுங்காலமாக இரண்டு விடைகளைக் கைவசம் வைத்திருக்கிறது. கியோர்க் சிம்மல் 1904இல் எழுதிய கட்டுரையின் வழிவந்தோர், கூட்டத்தோடு சேரும் ஆசையும் கூட்டத்தில் தனித்துத் தெரியும் ஆசையும் ஒரே சட்டைக்குள் அடங்கிவிடுவதைப் பேசுவார்கள். 1970களில் பிரிட்டனின் பர்மிங்காமில் இயங்கிய பண்பாட்டு ஆய்வாளர்களும், அவர்கள் வழியில் 1979இல் துணைப்பண்பாடு பற்றி நூல் எழுதிய டிக் ஹெப்டிஜும், உடையை எதிர்ப்பின் மொழியாகப் படித்தார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தத் துணி எங்கிருந்து வந்தது, எவ்வளவு, யார் காசு, அவ்வளவு துணி உடுத்த யாருடைய சம்மதம் வேண்டியிருந்தது என்பவை இரண்டு மரபிலும் ஓரத்தில்தான் கிடக்கின்றன. என் வாதம் அந்த ஓரத்திலிருந்து தொடங்குகிறது. ஓர் இளைஞனின் உடையிலிருந்து அவன் மனத்தைப் படிக்க முயல்வது பெரும்பாலும் வீண்வேலை. ஊர் அவனுக்கென்று ஒதுக்கிவைத்த பங்கு எவ்வளவு, அந்தப் பங்கோடு அவன் நின்றானா என்பவற்றைப் படிக்கலாம். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் கறுப்பின, மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் அணிந்த ஜூட் சூட் இதற்கு வலுவான சான்று.

உடையை முதலில் பார்த்துவிடுவோம். தோளில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, விரல்நுனி தொடும் அளவுக்கு, சிலருக்கு முழங்கால்வரை, இறங்கும். கால்சட்டை இடுப்புக்கு வெகுமேலே தொடங்கி முழங்காலில் பலூனாக விரிந்து கணுக்காலில் சுருங்கும். நீண்ட கடிகாரச் சங்கிலி, அகன்ற விளிம்புத் தொப்பி, பளபளக்கும் காலணி. 1930களில் நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்பான ஹார்லெமின் நடனக் கூடங்களோடு வளர்ந்த உடை இது. விரிந்த முழங்கால் ஆட்டத்துக்கு இடம் தந்தது, சுருங்கிய கணுக்கால் ஆடும்போது தடுக்காமல் காத்தது. கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் தம் தன்வரலாற்றில், பாஸ்டனில் பதின்பருவத்தில் கடனுக்கு வாங்கிய முதல் ஜூட் சூட்டை அளவு சகிதம் விவரிக்கிறார்: முழங்காலில் 30 அங்குலம், அடியில் 12 அங்குலம். பின்னாளில் அந்த வாழ்க்கை முழுவதையும் கடிந்துகொண்ட மனிதர் அங்குலத்தை மறக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் இந்த உடையை ‘டிரேப்ஸ்’ என்றார்கள்; தங்கள் கலப்பு மொழியில் ‘தகூச்சே’. அணிந்தவன் பச்சூக்கோ. முழு உடுப்புக்குக் காசில்லாதவர்கள் கால்சட்டையை மட்டும் வாங்கினார்கள், அல்லது இருப்பதைப் பிரித்துத் தைத்துக்கொண்டார்கள்.

இது அழுக்கு உடையன்று, அலட்சிய உடையும் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். மேல்தட்டு ஆணின் அடையாளமான சூட்டைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு அளவையும் கூட்டிப் போட்டுக்கொண்ட உடை. மரியாதையை நிராகரிக்க நினைப்பவன் மடிப்புக் கலையாத கால்சட்டைக்காக வாரக்கூலியைத் தவணையாகக் கட்டமாட்டான்.

1942 மார்ச்சில் அளவு திடீரென அரசின் விவகாரமாயிற்று. படைவீரர்களின் சீருடைக்குக் கம்பளி தேவைப்பட்டதால், ஆண்களின் சூட்டுகளில் துணிப் பயன்பாட்டை 26 விழுக்காடு குறைக்கும் விதிகளைப் போர் உற்பத்தி வாரியம் வகுத்தது. அந்த விதிகளின்படி ஜூட் சூட்டைத் தைக்கவே முடியாது. லாஸ் ஏஞ்சலிஸிலும் நியூயார்க்கிலும் சில தையற்காரர்கள் திருட்டுத்தனமாகத் தைத்துக் கொடுத்தார்கள். நேற்றுவரை கேலிக்குரியதாக மட்டும் இருந்த உடை, நாட்டின் கம்பளியைத் திருடும் உடையாக மாறிற்று. உடுத்தியவன் மாறவில்லை, துணியும் மாறவில்லை. சுற்றிநின்ற கணக்கு மாறியது.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். போர்க்காலத் தொழில்களால் இந்த இளைஞர்களின் வீடுகளில் முதன்முறையாகக் கையில் கொஞ்சம் காசு புழங்கியது. ஆனால் அதைக் கொண்டு எதை வாங்க முடியும்? லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பல பகுதிகளில், வெள்ளையரல்லாதார்க்கு வீடு விற்கக் கூடாதென்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. பொது நீச்சல்குளங்கள் சிலவற்றில் மெக்சிகருக்கு வாரத்தில் ஒரே நாள். அதுவும் தண்ணீரை மாற்றுவதற்கு முந்தைய நாள். திரையரங்குகளில் தனி இருக்கை. காசு கொடுத்தும் வாங்க முடியாத நகரத்தில், தன் உடம்பின் மேல் போட்டுக்கொள்ளும் துணி ஒன்றைத்தான் அவன் வாங்க முடிந்தது. அதையும் அவன் சற்றுக் கூடுதலாக வாங்கினான். இளமைக்கு இதில் தனிப் பங்குண்டு: சம்பாதிக்கத் தொடங்கியும் குடும்பப் பாரம் ஏறாத வயதில்தான் கூலியை முழங்கால் அகலத்தில் செலவழிக்க முடியும். அவன் தகப்பனுக்கும் அதே நகரம்தான், அதே குளம்தான்; ஆனால் வாடகை கட்டிய பிறகு அவரிடம் மிச்சமில்லை.

1942 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஸ்லீப்பி லகூன் என்று அழைக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் அருகே ஹோசே தியாஸ் என்ற இளைஞர் நினைவிழந்து கிடந்தார்; பின்னர் மருத்துவமனையில் இறந்தார். காவல்துறை நூற்றுக்கணக்கான மெக்சிக வம்சாவளி இளைஞர்களை வளைத்துப் பிடித்தது. 22 பேர்மீது வழக்கு. 1943 ஜனவரியில் 17 பேருக்குத் தண்டனை. இவ்வழக்கில் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவர்கள் முடி வெட்டிக்கொள்ளவோ சுத்தமான உடைக்கு மாறவோ விடப்படவில்லை. நடுவர் குழுவின் கண்ணில் அவர்கள் ‘அப்படியே’ தெரியவேண்டும் என்பது அரசுத் தரப்பின் விருப்பம். வாரக்கணக்கில் மாற்றாத உடையும் வளர்ந்த முடியும் ரவுடித் தோற்றத்தைத் தருமல்லவா? தன் தோற்றத்தில் அத்தனை கவனம் செலுத்திய பையனிடமிருந்து அந்தக் கவனத்தைப் பறித்து, எஞ்சியதை அவனுடைய இயல்பென்று நடுவர்களிடம் காட்டினார்கள். உடையின் ‘பொருள்’ என்று ஆவணங்களில் நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இவ்வாறு உற்பத்தியானதுதான். இளைஞர் உடையை ஆராய்பவர்கள் இதை மறந்தால், காவல்துறையின் குறிப்பைப் பையனின் வாக்குமூலமாக வாசிக்க நேரும். ஷெரீஃப் அலுவலக அதிகாரி ஒருவர் பெரு நடுவர் குழுவிடம் தந்த அறிக்கை, வன்முறை மெக்சிக வம்சாவளியினரின் அமெரிக்கப் பூர்வகுடி ரத்தத்திலேயே ஊறியது என்று வாதிட்டது. மேல்முறையீட்டில் 1944 அக்டோபரில் தண்டனைகள் நீக்கப்பட்டன.

இந்த உடையின் பெயராலேயே அறியப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் கலவரம் 1943 ஜூன் 3 இரவு தொடங்கியது. தங்களில் ஒருவன் தாக்கப்பட்டதற்குப் பழிவாங்கவென்று கடற்படைப் பயிற்சி மையத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கடற்படையினர் தடிகளோடு நகருக்குள் இறங்கினார்கள். மறுநாள் டாக்ஸிகளை அமர்த்திக்கொண்டு மெக்சிகக் குடியிருப்புகளுக்கே போனார்கள். 7ஆம் தேதி கூட்டம் ஆயிரக்கணக்கில். திரையரங்குகளில் விளக்கைப் போடச் செய்து, இருக்கையிலிருந்து இழுத்து, தெருவில் வைத்து உடையை உரித்தார்கள். முடியை வெட்டினார்கள். கோட்டுகளைக் குவித்து எரித்தார்கள். கறுப்பின, பிலிப்பினோ இளைஞர்களும் தப்பவில்லை. போலீஸார் பின்னால் வந்து, அடிபட்டவர்களைக் கைது செய்தார்கள். படைவீரர்கள் நகருக்குள் நுழையக் கூடாதென்று இராணுவ அதிகாரிகள் தடை விதித்த பிறகே அடங்கியது. யாரும் உயிரிழக்கவில்லை, தாக்குதலின் குறி உடையிலும் முடியிலும் நிலைத்திருந்தது. 9ஆம் தேதி நகரமன்றம் ஜூட் சூட் அணிவதைக் குற்றமாக்கத் தீர்மானம் போட்டது, அது சட்டமாகவில்லை. ஆனால் தீர்மானத்தின் பார்வை எங்கே திரும்பியிருந்தது என்பது போதுமான சான்று. தடி ஏந்தியவனைப் பற்றி அதில் பேச்சில்லை.

இந்த உடையைப் பற்றிய அறிவுலக வாசிப்புகளுக்குப் பஞ்சமில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் சிலகாலம் வாழ்ந்த மெக்சிகக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ், 1950இல் வெளிவந்த தம் நூலின் முதல் கட்டுரையிலேயே பச்சூக்கோவை எடுத்துக்கொண்டு, மெக்சிகப் பண்பாடு, அமெரிக்கப் பண்பாடு இரண்டையும் இழந்து வெறும் சவாலாக எஞ்சியவனாக அவனைக் கண்டார். அழகான உரைநடை. ஆனால் கோட்டின் விலை என்ன என்று கேட்காத உரைநடை. கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் 1943லேயே, இந்த உடைக்குள் ஆழ்ந்த அரசியல் பொருள் மறைந்திருக்கலாம் என்று கறுப்பினத் தலைவர்களை எச்சரித்தார். ஸ்டூவர்ட் காஸ்குரோவ் 1984இல் அதை எதிர்ப்பாகவே விரித்தெழுதினார். கேத்தி பீஸ் 2011இல் இதை மறுத்தார்: உடுத்தியவர்களில் பலருக்கு அது நடனமும் அழகும் மகிழ்ச்சியுமே, அரசியல் பிற்பாடு ஏற்றப்பட்டது. இரு தரப்புக்கும் இடையே லூயிஸ் ஆல்வரெஸின் 2008 நூல் கண்ணியம் என்ற சொல்லை முன்வைக்கிறது. நான் ஆல்வரெஸின் பக்கம் சாய்பவன்தான். ஆனால் கண்ணியம் என்று நிறுத்திக்கொண்டால் அது மீண்டும் மனத்துக்குள்ளே போய்விடுகிறது. பீஸ் சொல்வதுபோல் பையன் ஆடுவதற்காகவே கோட்டு வாங்கியிருக்கலாம். அவன் நோக்கம் அப்பாவித்தனமானதாகவே இருக்கட்டும். அவன் எடுத்துக்கொண்ட துணி அவனுக்கு உரிய அளவைவிட அதிகம் என்று பிறர் கண்ட கணத்தில், நோக்கத்தைக் கேளாமலே ஒரு பங்குத் தகராறு தொடங்கிவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தத் தகராறு அந்நியமானதன்று. திருவிதாங்கூர் ஆட்சியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில் நடந்த தோள்சீலைப் போராட்டம், யார் உடம்பில் எத்தனை முழம் துணி இருக்கலாம் என்பது பற்றியதே. 1859 ஜூலை 26இல் வந்த அரசாணை நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தது. கூடவே, உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாதென்று வரம்பும் கட்டியது, முரட்டுத் துணியை ஒரு வழியாகச் சுட்டியது. மறைப்பது அனுமதி, ஒப்பாவது குற்றம். துணியின் நீளமும் தரமும் உடுத்தும் பாங்கும் ஆணைக்குள் வந்த அந்த வரலாற்றை அறிந்தவருக்கு, விரல்நுனி தொடும் ஒரு கோட்டு ஏன் கலவரத்தைக் கிளப்பும் என்று விளக்க, எதிர்ப்பு மொழி, குறியீடு என்றெல்லாம் கோட்பாடு கட்ட வேண்டியதில்லை. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. சாதியும் இனமும் வேறு, எண்பதாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியும் உண்டு. கேள்வி மட்டும் ஒன்று.

அமெரிக்கக் கலவரம் நடந்த அதே ஆண்டுகளில், நாஜிகள் பிடித்திருந்த பாரிஸிலும் நீண்ட கோட்டு நடமாடியது. ஸஸூ என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சு இளைஞர்கள், துணிப் பங்கீட்டுக் காலத்தில் தொடைவரை நீளும் கோட்டு போட்டு, எண்ணெய் தடவிய முடியைப் பிடரியில் வளர்த்து, அமெரிக்க ஜாஸ் கேட்டார்கள். இவர்களில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வறுமையோ இன ஒதுக்கலோ இவர்கள் கதையில் இல்லை. ஆனாலும் 1942இல் பாசிச இளைஞர் படையினர் இவர்களைத் தெருவில் பிடித்து முடியை மழித்தார்கள். யூதர்கள்மீது மஞ்சள் நட்சத்திரம் திணிக்கப்பட்டபோது, கேலியாகவும் ஆதரவாகவும் அதில் ஜாஸ் பாணி ஒன்றின் பெயரான ‘ஸ்விங்’ என்று எழுதி அணிந்த சிலர் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பாசிசத்தோடு கூடிக்குலவிய அரசின் தெருவிலும், பாசிசத்தை எதிர்த்துப் போரிட்ட குடியரசின் தெருவிலும் கத்தரி ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. பங்கீட்டுக் காலம் என்பது நாட்டுக்காக ஒவ்வொருவரும் எவ்வளவு சுருங்க வேண்டும் என்று அதிகாரம் வரையறுக்கும் காலம். வாக்குரிமையும் பதவியும் இல்லாத பதினேழு வயதுக்காரன் அந்த அளவைக் கேட்டுக்கொள்ள மறுப்பது, எந்தக் கொடியின் கீழும் சகிக்கப்படவில்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வாதமே ஒருபக்கமாகச் சாயும். பச்சூக்கா என்று அழைக்கப்பட்ட இளம்பெண்கள் நீண்ட கோட்டுக்குக் கீழே முழங்காலுக்கு மேல் நின்ற பாவாடை அணிந்தார்கள். முடியை உயரத் தூக்கிக் கட்டினார்கள். அடர்நிற உதட்டுச் சாயம் பூசினார்கள். அந்தக் கொண்டைக்குள் கத்தி ஒளித்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. கேத்தரின் ராமிரெஸ் 2009இல் எழுதிய நூல், மெக்சிக அமெரிக்கர்களின் பின்னாளைய சிகானோ உரிமை இயக்கம் பச்சூக்கோவை வீரனாக்கியபோது பச்சூக்காவை ஓரத்தில் விட்டுவிட்டதைக் காட்டுகிறது. ஸ்லீப்பி லகூன் வழக்கில் பிடிபட்ட இளம்பெண்கள் சிலர், எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாமலே சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். பையனின் கோட்டு கம்பளிக் கணக்கில் அதிகம். பெண்ணின் பாவாடை அந்தக் கணக்கில் குறைவு. இரண்டும் ஒருசேரக் குற்றமாயின. கஜக்கோல் வெறும் நீளத்தை அளப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 1970களின் லண்டன் பங்க் இளைஞரின் கிழிந்த சட்டையை எங்கே வைப்பது? அது மிகையன்று, குறை. உண்மை, அங்கே என் வாதம் நேரடியாகப் பொருந்தாது. துணி மலிந்துபோன காலத்தில் பங்குத் தகராறு துணியை விட்டு நகர்ந்துவிடுகிறது. வேலை, வீடு, எதிர்காலம் என்று வேறெங்கோ போய் நிற்கிறது. ஒவ்வொரு தலைமுறையின் உடையையும் ஒரே திறவுகோலால் திறக்க முயல்வதைவிட, அந்தந்தக் காலத்தில் எது அளந்து கொடுக்கப்பட்டது என்று முதலில் கேட்பதே முறை.

துணி அளந்து கொடுக்கப்பட்ட காலத்துக்கே திரும்புவோம். 1947 பிப்ரவரியில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் டியோர் பாரிஸில் தம் முதல் ஆடைத் தொகுப்பைக் காட்டினார். இடுப்பு இறுகி, பாவாடை கஜக்கணக்கில் விரிந்த அந்த உடைகள் ‘நியூ லுக்’ என்று உலகெங்கும் போற்றப்பட்டன. ஐரோப்பாவில் துணிப் பங்கீடு இன்னும் முடிந்திருக்கவில்லை. பிரிட்டனில் அரசுத் தரப்பு முணுமுணுத்தது. ஆனால் அந்தப் பாவாடையை அணிந்தவளின் ரத்தத்தைப் பற்றி யாரும் அறிக்கை தரவில்லை. அதே ஆண்டில், புகைப்படம் எடுப்பதற்காக அந்த உடையோடு மாடல் பெண்களை மோன்மார்த்தின் லெப்பிக் தெருச் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். சந்தையில் இருந்த பெண்கள் அவர்கள்மேல் பாய்ந்து, முடியைப் பிடித்திழுத்து, உடையைக் கிழித்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் கடற்படையினரோடு இந்தப் பெண்களை ஒரே வரிசையில் நிறுத்த எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவர்களும் துணியைத்தான் அளந்தார்கள். ரேஷன் அட்டையோடு நின்றவர்களின் அளவுகோலால், கீழிருந்து மேல்நோக்கி.