நிறைகோலும் ஊதியமும்: சிகாகோ ஆசிரியைகள் கண்ட சங்கம்

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகளைக் கூறுகிறது. நிலத்தின் பொறை, வறண்ட காலத்தும் வளம் தரும் மலையின் வண்மை, துலாக்கோலின் நடுநிலை, மலரின் முகமலர்ச்சி ஆகியவை ஆசிரியனிடம் அமைய வேண்டும் என்பது பவணந்தியார் கருத்து. பாடம் கேட்கத் தகுதியுடையோரின் வரிசையில் பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் அவர் சேர்த்துள்ளார். எனவே கற்பித்தலுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் இலக்கணம் அறியாமல் இல்லை. ஆனால் ஊரார் வரிப்பணத்தில் பள்ளி நடக்கும் காலத்தில், கொடுப்பதாகச் சொன்ன ஊதியத்தை நிருவாகம் மறுத்தால் ஆசிரியர் என்ன செய்வது? இவ்வினா குருகுலக் காலத்தில் எழ வாய்ப்பில்லை. பொதுப்பள்ளி தோன்றிய பின்னரே அது எழுந்தது. அதற்குத் தெளிவான விடை கண்ட ஊர்களுள் ஒன்று சிகாகோ.

சிகாகோ என்றதும் தமிழர் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளர் குருதி சிந்திய 1886ஆம் ஆண்டின் ஹேமார்க்கெட் நிகழ்ச்சி. மற்றொன்று, 1893இல் விவேகானந்தர் உரையாற்றிய சமயப் பேரவை. அப்பேரவை நிகழ்ந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1897இல், அதே நகரத்தின் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு என்பது அதன் பெயர். மேதின வரலாறு பெற்ற விளக்கத்தை இச்சங்கத்தின் வரலாறு தமிழில் பெறவில்லை.

சங்கம் பிறந்த சூழல்

அந்நாளில் சிகாகோவின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒரே வகுப்பில் ஐம்பது, அறுபது பிள்ளைகள் இருந்தனர். அவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து புதிதாகக் குடியேறிய ஏழைகளின் மக்கள், ஆங்கிலம் அறியாதவர்கள். இச்சுமையைத் தாங்கிய ஆசிரியைகளின் ஊதியம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உயரவே இல்லை. வாக்குரிமையும் அவர்களுக்கு இல்லை. தம் ஊதியத்தை முடிவு செய்யும் வாரியத்தை நியமித்த நகரத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு இருந்ததில்லை.

சங்கத்தை வழிநடத்தியவர்களுள் இருவர் முதன்மையானவர்கள்: கேத்தரின் காகின், மார்கரெட் ஹேலி. 1861இல் ஜோலியட் என்னும் ஊரில் ஐரிஷ் வழிவந்த குடும்பத்தில் பிறந்த ஹேலி, பதினாறாம் வயதிலேயே ஆசிரியப் பணி ஏற்றவர். சிகாகோவின் இறைச்சிக்கூடப் பகுதியில் இருந்த பள்ளியொன்றில் பல ஆண்டுகள் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர். 1895இல் சட்டமான ஓய்வூதியத்தைக் காப்பதும் ஊதிய உயர்வு பெறுவதும் சங்கத்தின் தொடக்கக் கால நோக்கங்கள்.

1898இல் வாரியம் ஊதிய உயர்வுக்கு இசைந்தது. ஆண்டுக்கு 1,000 டாலர் என்னும் உச்ச அளவைச் சில ஆண்டுகளில் படிப்படியாக எட்டுவது திட்டம். முதல் தவணை கிடைத்தது. 1899-1900ஆம் கல்வியாண்டில், கையில் பணம் இல்லை என்று கூறி வாரியம் அவ்வுயர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வரிக் கணக்கைத் திறந்தவர்கள்

இவ்விடத்தில் ஆசிரியைகள் எடுத்த முடிவே இவ்வரலாற்றின் உயிர்நாடி. பணம் இல்லை என்ற சொல்லை அவர்கள் அப்படியே ஏற்கவுமில்லை. வெறும் கூக்குரல் எழுப்பவுமில்லை. பணம் ஏன் இல்லை என்று தேடத் தொடங்கினர். 1900இல் ஹேலி வகுப்பறையிலிருந்து விடுப்புப் பெற்று வரி ஆவணங்களை ஆராயும் பணியில் இறங்கினார். காகினும் அவருடன் நின்றார்.

அவர்கள் கண்டது இது: நகரின் தெருக்களில் டிராம் தண்டவாளம் அமைக்கவும், எரிவாயுக் குழாய் பதிக்கவும், மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் இழுக்கவும் பெருங் குழுமங்களுக்கு நகரம் உரிமம் வழங்கியிருந்தது. அவ்வுரிமங்கள் பெருமதிப்புடைய சொத்துகள். சட்டப்படி அவற்றுக்கும் வரி விதித்திருக்க வேண்டும், விதிக்கப்படவில்லை. சிறு வீட்டுக்காரர் வரி செலுத்த, தெருவையே ஆண்ட குழுமங்கள் செலுத்தாமல் இருந்தன. பள்ளிக் கருவூலம் வறண்டதன் காரணம் அங்கே இருந்தது.

மாநில வரிச் சமன்படுத்தும் வாரியம் ஆசிரியைகளின் முறையீட்டுக்குச் செவிசாய்க்கவில்லை. வழக்கு இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1901 அக்டோபரில் அந்நீதிமன்றம், உரிமங்களை மதிப்பிட்டு வரி விதித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குழுமங்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடி வரியைப் பெரிதும் குறைத்துக்கொண்டன. அப்படியிருந்தும் ஏறத்தாழ 6 இலட்சம் டாலர் பொதுக் கருவூலத்துக்கு வந்தது. அதில் பள்ளிகளின் பங்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலர்.

வந்த பணத்தை வாரியம் ஊதியத்துக்குத் தராமல் நிலக்கரி, கட்டடப் பழுது போன்ற செலவுகளுக்கு ஒதுக்கியது. ஆசிரியனாகத் தகாதவர்களுக்கு நன்னூல் கூறும் உவமைகளுள் முடத்தெங்கும் ஒன்று. ஒருவர் நீர் வார்க்க, வேறொருவர் நிலத்தில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை அது. சிகாகோவில் அவ்வுவமை நிருவாகத்துக்குப் பொருந்திற்று. ஆசிரியைகள் மீண்டும் வழக்குத் தொடுத்தனர். 1904இல் நீதிபதி எட்வர்ட் டன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். மறுஆண்டு அவரே நகரத் தலைவரானார். சமூகத் தொண்டர் ஜேன் ஆடம்ஸைக் கல்வி வாரிய உறுப்பினராக நியமித்தார்.

ஊதியத்துக்காகத் தொடங்கிய போராட்டம் நகரின் பொதுநிதி குறித்த கேள்வியாக வளர்ந்தது என்பது கருதத்தக்கது. அவர்கள் மீட்ட பணத்தில் பிள்ளைகளுக்கும் ஊராருக்கும் பங்கு உண்டு. தம் உரிமையைக் கேட்கச் சென்றவர்கள் குடிமக்களின் கடமை ஒன்றையும் செய்து திரும்பினர்.

தொழிலாளரோடு கைகோத்தல்

1902 நவம்பரில் சங்கம் சிகாகோ தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்தது. இது கடும் விவாதத்தை எழுப்பியது. கற்றறிந்த பெண்கள் வண்டியோட்டிகளோடும் இறைச்சி வெட்டுவோரோடும் ஒரே அவையில் அமர்வதா என்று பலர் முகம் சுளித்தனர். ஆசிரியைகளின் விடை எளிமையானது. அவர்களுக்கு வாக்கு இல்லை, தொழிலாளருக்கு இருந்தது. அவர்கள் வகுப்பில் இருந்த பிள்ளைகளோ அத்தொழிலாளரின் பிள்ளைகளே.

1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய தேசியக் கல்விச் சங்க மாநாட்டில் ஆசிரியர் ஏன் அணிதிரள வேண்டும் என்பது பற்றி ஹேலி உரையாற்றினார். கற்பித்தலுக்குத் தடையாக நிற்பவை என நான்கு குறைகளை அவர் எடுத்துரைத்தார். வாழ்க்கைச் செலவு உயர்ந்தும் உயராத ஊதியம் முதலாவது. பணி நிலையின்மையும் முதுமைக்கு வழியின்மையும் இரண்டாவது. நெரிசலான வகுப்பறையில் உடலும் உள்ளமும் சோரும் மிகை உழைப்பு மூன்றாவது. மேலிடத்து ஆணையை நிறைவேற்றும் ஆலைக் கூலியாக ஆசிரியரை நடத்தும் போக்கு நான்காவது. இந்நான்கில் முதல் மூன்றும் தொழிற்சங்கக் கோரிக்கைகளாகத் தோன்றலாம். நான்காவதோ கல்வியின் தன்மை பற்றியது. நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே உரையின் சாரம்.

நான்காவது குறைக்குச் சிகாகோவிலேயே சான்று இருந்தது. கண்காணிப்பாளர் எட்வின் கூலியின் காலத்தில் ஆசிரியர்களுக்கு இரகசிய மதிப்பெண் இடப்பட்டது. ஊதிய உயர்வு அதைச் சார்ந்திருந்தது. ஆனால் தம் மதிப்பெண்ணை ஆசிரியர் பார்க்க இயலாது. பிள்ளைகளை நிறைகோலின் நடுநிலையோடு அளக்கக் கடமைப்பட்டவர்களை மறைவில் வைத்த தராசு அளந்தது.

1909இல் எல்லா ஃபிளாக் யங் கண்காணிப்பாளரானார். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவரே. ஜான் டூயியின் மாணவியாக முனைவர் பட்டம் பெற்றவர். பள்ளியில் ஆசிரியர் தனிமைப்படுத்தப்படுவதே அவருடைய ஆய்வுப் பொருள். பாடத்திட்டம் வகுப்பதில் ஆசிரியரின் குரல் ஒலிக்க வேண்டும் என்னும் அவருடைய கொள்கையும் ஹேலியின் கொள்கையும் ஒன்றே. முடிவெடுப்பதில் பங்கு இல்லாதவரிடம் விளைவுக்குப் பொறுப்புக் கேட்பது முறையாகாது என்பதே இருவரும் வலியுறுத்திய நெறி எனலாம்.

வெற்றியா, தோல்வியா?

1915 செப்டம்பரில் காற்று திசை மாறியது. ஜேக்கப் லோப் என்னும் வாரிய உறுப்பினர் முன்னின்று கொண்டுவந்த விதி, தொழிற்சங்கத் தொடர்புடைய அமைப்புகளில் ஆசிரியர் உறுப்பினராக இருத்தலாகாது என்று தடை விதித்தது. 1916 ஜனவரியில் காகின் சாலை விபத்தில் இறந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் தோன்றியது. சிகாகோ சங்கம் அதன் முதல் கிளையானது. சூன் மாதத்தில் வாரியம் 68 ஆசிரியர்களுக்கு மறுநியமனம் மறுத்தது. அவர்களில் 38 பேர் கூட்டமைப்பினர்.

1917இல் மாநில உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. யாரைப் பணியில் அமர்த்துவது என்பது வாரியத்தின் விருப்பம் என்பது அத்தீர்ப்பின் கருத்து. அதே ஆண்டில் நிறைவேறிய ஓட்டிஸ் சட்டம் வேறொன்றைத் தந்தது. மூன்றாண்டுத் தகுதிகாண் பருவத்தை முடித்த ஆசிரியரைக் குற்றச்சாட்டும் விசாரணையும் இன்றி நீக்க முடியாது என்னும் காப்பு அது. சங்கம் தொழிலாளர் அமைப்புகளிலிருந்து விலகியது. நீக்கப்பட்டவர்கள் மீண்டும் பணி பெற்றனர்.

இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? பணிப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்கு விலையாகப் பதினைந்து ஆண்டுத் தோழமை கைவிடப்பட்டது. தோழியர் 68 பேரின் அடுப்பு அணைந்திருக்கும்போது கொள்கையை மட்டும் காத்து நிற்க எத்தலைமையாலும் இயலாது என்று வாதிடலாம். துணைவரை இழந்த சங்கம் முன்போல் வலிமை பெறவில்லை என்பதும் உண்மையே. இரு கருத்தும் இத்தராசின் இரு தட்டுகளில் உள்ளன.

வறட்சியும் அதன் பின்னும்

1930களின் பொருளாதார மந்தத்தில் சிகாகோ ஆசிரியர்கள் மாதக் கணக்கில் ஊதியம் இன்றிப் பணி செய்தனர். சில வேளைகளில் பணத்துக்கு மாற்றாகக் கடைக்காரர் தள்ளுபடிக்கு வாங்கிய கடன் சீட்டுகளே கிடைத்தன. வறப்பினும் வளம் தரும் மலை என்னும் உவமை அங்கே மெய்யாயிற்று. ஆனால் அவ்வண்மையை நிருவாகம் தன் உரிமையாக எடுத்துக்கொள்ளலாமா என்ற வினாவும் எழுந்தது. 1933 ஏப்ரலில் பொறுமை இழந்த ஆசிரியர்கள் வங்கிகளுக்குள் திரண்டு சென்று முறையிட்டனர். 1934இல் கூட்டாட்சி அரசின் கடனுதவி கொண்டு நிலுவை தீர்ந்தது. 1937இல் பல்வேறு ஆசிரியர் அமைப்புகள் இணைந்து சிகாகோ ஆசிரியர் சங்கம் உருவாயிற்று. ஹேலியின் பழைய கூட்டமைப்பு அதில் சேரவில்லை. அவர் 1939இல் மறைந்தார்.

புதிய சங்கம் 1966இல் கூட்டுப் பேர உரிமை பெற்று மறுஆண்டு முதல் ஒப்பந்தத்தைக் கண்டது. 1983இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் பொதுக்கல்வி ஊழியரின் பேர உரிமைக்கும் வேலைநிறுத்த உரிமைக்கும் சட்ட வடிவம் தந்தது. 1995இல் வந்த திருத்தம் வகுப்பின் அளவு போன்றவற்றைக் கட்டாயப் பேரப் பொருள்களிலிருந்து நீக்கியது. அத்தடை 2021இல் அகன்றது.

2012ஆம் ஆண்டின் ஏழு பள்ளிநாள் வேலைநிறுத்தத்தில், மாணவர் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியரை அளப்பது முதன்மைப் பூசலாக இருந்தது. கூலியின் இரகசியத் தராசு ஒரு நூற்றாண்டு கழித்து வேறு வடிவில் திரும்பியது எனலாம். 2019இல் பதினொரு பள்ளிநாள் வேலைநிறுத்தம் நடந்தபோது, சிறப்புக் கல்வி உதவியாளர், காவற்பணியாளர், பேருந்து உதவியாளர் ஆகியோரும் தம் சங்கத்தின் வழியே வேலையை நிறுத்தினர். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் என்னும் கோரிக்கை ஊதியக் கோரிக்கையோடு சேர்ந்து ஒப்பந்தத்தில் ஏறியது. காய்ச்சலால் துவளும் பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு செவிலியர் இருத்தல் ஊழியரின் உரிமையா, பொறுப்பா என்று பிரித்துரைத்தல் அரிது.

உரிமை ஒரு தட்டு, கடமை ஒரு தட்டு, ஒன்று ஏறினால் மற்றொன்று தாழும் என்பது பொதுவான எண்ணம். சிகாகோ ஆசிரியைகளின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கிறது. ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருத்தி ஊரின் வரிக் கணக்கைத் திருத்தியதும், ஊதியம் இல்லா மாதங்களிலும் வகுப்பறைக் கதவுகள் திறந்திருந்ததும், ஒப்பந்தத் தாளில் செவிலியருக்கு இடம் கேட்டதும் ஒரே மனநிலையின் வெளிப்பாடுகள். நிறைகோலைப் பிடிப்பவளின் கை தளரும்வரை உழைப்பை வாங்கிக்கொண்டு, கோல் நேராக நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடுநிலை ஆகாது.