சாம்பலும் களிமண்ணும்: பூனையின் கால்தடம் குறித்து

ஒரு வீட்டின் வறுமையைச் சொல்ல ‘அடுப்பில் பூனை உறங்குகிறது’ என்பது தமிழ் வழக்கு. சிறுபாணாற்றுப்படையில் வறியவனின் அடுக்களையில் கிடப்பது அண்மையில் ஈன்ற நாய். பிற்காலப் பேச்சு வழக்கில் அந்த இடத்தைப் பூனை பிடித்துக்கொண்டது. வழக்கு சொல்லாமல் விட்ட பின்விளைவு ஒன்றுண்டு. அடுப்பில் உறங்கிய பூனை எழுந்து நடந்தால் சாம்பல் பூசிய கால்தடம் வீடெங்கும் பதியும். அதைத் துடைப்பதற்கு மனிதர் செய்த முயற்சிகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பூதப்பாண்டி போன்ற நாஞ்சில் நாட்டு ஊர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதன் போக்கு தெளிவாகப் புலப்படும்.

பூதப்பாண்டி தோவாளை வட்டத்தின் தலைமையிடம். மலையடிவாரத்து வயல்களுக்கு நடுவே பழையாற்றை ஒட்டி அமைந்த ஊர். 1907இல் ப. ஜீவானந்தம் பிறந்த ஊர் என்ற அளவில் இலக்கிய வாசகர் பலரும் அறிந்திருப்பர். நாஞ்சில் நாடு திருவிதாங்கூருக்குச் சோறிட்ட மண். 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டபின் பாசனம் மேலும் உறுதிப்பட்டது. நெல் சேரும் இடத்தில் எலி சேரும். எலி சேரும் இடத்தில் பூனை வேண்டும். பத்தாயம் இருந்த வீட்டில் பூனை செல்லப்பிராணி அல்ல, கூலி கேட்காத காவல்காரன். குமரி மாவட்டப் பேச்சில் அதைப் ‘பூச்சை’ என்றும் சொல்லக் கேட்கலாம். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்ததாகக் கம்பர் தம் அவையடக்கத்தில் காட்டும் ‘பூசை’யும் மலையாளத்தின் ‘பூச்ச’யும் இதே சொல்தான்.

இந்த உறவு மிகப் பழையது. சைப்ரஸ் தீவில் மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழமையானது. வீட்டுப்பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை இனம் என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த அந்த மூதாதையிடமிருந்தே இளகிய மண்ணைத் தோண்டிக் கழிப்பதும், கழிவை மூடிவிட்டுப் போவதும் அதற்கு வந்திருக்க வேண்டும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மண் இருந்தால் போதும்.

பழைய நாஞ்சில் நாட்டு வீட்டில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. புறக்கடை, தென்னை மூடு, வைக்கோற்போரின் அடி, உரக்குழி எனப் பூனைக்கு இடம் நிறைய இருந்தது. போதாதற்குச் சாம்பல் மேடு வேறு. விறகடுப்பு எரிந்த வீடுகளில் சாம்பல் கழிவுப்பொருள் அல்ல. பாத்திரம் துலக்கவும் செடிக்கு இடவும் அது பயன்பட்டது. குழந்தை தரையில் கழித்தால் அதன்மேல் சாம்பலைத் தூவி, ஈரம் இழுத்தபின் அள்ளிக் கொட்டுவார்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், நாற்றத்தையும் ஓரளவு அடக்கும். பிற்காலத்தில் பெருந்தொழிலாக வளர்ந்த ‘பூனை மண்’ணின் தத்துவம் முழுவதும் இந்தப் பிடிச்சாம்பலில் அடங்கியிருந்தது. காப்புரிமை கோரத்தான் ஆளில்லை.

குளிர்நாடுகளில் நிலைமை வேறு. பனிக்காலத்தில் பூனையை வெளியே விட முடியாததால், தட்டில் மணலோ கணப்பின் சாம்பலோ இட்டு வைத்தார்கள். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கசோபோலிஸ் என்ற சிற்றூரில், எட்வர்ட் லோ என்ற இளைஞரிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். வைத்திருந்த மணல் பனியில் உறைந்துவிட்டது. சாம்பலைப் பயன்படுத்தினால் பூனை அதை மிதித்து வீடெங்கும் தடம் பதிக்கிறது என்பது அவர் குறை. தொழிற்சாலைகளில் சிந்திய எண்ணெயை உறிஞ்சுவதற்காக லோவின் குடும்பம் விற்றுவந்த உலர்ந்த களிமண் குறுமணிகளை லோ அவருக்குக் கொடுத்தார். அந்த மண், கம்பளித் துணியின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க ஐரோப்பியர் நெடுங்காலம் பயன்படுத்தியது. நம் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியின் இனம். சில நாட்களில் அந்தப் பெண்மணி மீண்டும் அதையே கேட்டு வந்தார். லோ அதைப் பையிலிட்டு விற்கத் தொடங்கினார். மணல் அற்ப விலைக்குக் கிடைக்கையில் இதற்கு யார் காசு கொடுப்பார் என்று கடைக்காரர் தயங்கியதால், முதலில் இலவசமாகக் கொடுக்கச் சொன்னார். 1990இல் அவர் தம் நிறுவனத்தை விற்றபோது அது பெருந்தொழிலாகியிருந்தது.

ஆக, பூனை மண் சந்தைக்கு வரக் காரணம் நாற்றம் மட்டுமல்ல, கால்தடமும்தான். இந்த வரலாற்றின் வேடிக்கையான திருப்பம் 1980களில் நிகழ்ந்தது. தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பென்டோனைட் என்ற களிமண்ணின் பயனைக் கண்டார். நீர் பட்டதும் உப்பிக் கட்டியாகும் மண் அது. கட்டியை மட்டும் அள்ளி எறிந்தால் போதும், தட்டு முழுவதையும் கொட்ட வேண்டாம். ஆனால் நன்றாகக் கட்டியாவதற்கு மண் நுண்ணியதாக இருக்க வேண்டியிருந்தது. நுண்ணிய மண் பூனையின் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு படுக்கை வரை வரும். எந்தக் குறையைத் தீர்க்க இத்தொழில் பிறந்ததோ, அதே குறை அதன் வளர்ச்சியிலேயே திரும்பி வந்தது.

இது வெறும் துடைப்பக் கவலை அல்ல. டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி 1908இல் கண்டறியப்பட்டது. பூனையின் கழிவு வழியாக அது பரவுவதை 1970இல் நிறுவியவர்களுள் இந்தியாவில் பிறந்த ஜே. பி. துபேயும் ஒருவர். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு அதனால் பெரும்பாலும் தீங்கில்லை. கர்ப்பக் காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவுக்கு ஆபத்து உண்டு. கழிவு வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குப் பின்னரே அந்தக் கிருமி தொற்றும் திறன் பெறுகிறது. தட்டை அன்றாடம் சுத்தம் செய்யச் சொல்வதும், கர்ப்பிணிகள் அவ்வேலையைப் பிறரிடம் விடச் சொல்வதும் இதனால்தான். கழிவு கலந்த தோட்ட மண்ணிலும், நன்கு வேகாத இறைச்சியிலும் இதே தொற்று உண்டு. பழைய புறக்கடையை நினைத்து ஏங்குவோர் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். பூனை மண் வீட்டுக்குள் வராத காலத்தில் ஆபத்து இல்லாமல் இல்லை. அது கண்ணில் படாமல் புறக்கடையில் கிடந்தது.

எரிவாயு அடுப்பு வந்து சாம்பல் போயிற்று. சிமெண்டுத் தளம் வந்து புறக்கடை மண்ணும் மறைந்தது. மாடிக் குடியிருப்பில் வாழும் பூனைக்குக் காலடியில் மண் என்பதே இல்லை; அதைக் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. பரவாமல் தடுக்கும் வழிகள் எளியவை. விளிம்பு உயர்ந்த தொட்டி, அதை நடமாட்டமில்லாத மூலையில் வைத்தல், வாசலில் கயிற்று மிதியடி, கூடுமானவரை பருத்த குறுமணி, விரலிடுக்கு மயிரை அவ்வப்போது கத்தரித்தல். மரத்தூளும் தென்னை நார்த்துகளும் ஈரத்தை நன்கு உறிஞ்சும். எடை குறைவாதலால் எளிதில் சிதறவும் செய்யும். மிதியடி விஷயத்தில் மட்டும் தென்னை மரத்து ஊர்க்காரர்களுக்குக் கவலையில்லை.

குஜராத்தின் கச்சுப் பகுதி பென்டோனைட் படிவுகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே தோண்டிய மண் பூனைத் தொட்டிகளுக்காகக் கடல் கடந்தும் போகிறது. ஒரு முறை நனைந்தபின் அது குப்பைமேட்டில் கிடந்து எதற்கும் உதவாமல் போகும். சாம்பலோ செடிக்கு உரமாயிற்று. ஆனால் இவ்விரு காலங்களிலும் மாறாதது ஒன்றுண்டு. பூதப்பாண்டியின் சாம்பல் தடத்தையும் கசோபோலிஸின் சாம்பல் தடத்தையும் துடைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொழில் லோவின் பெயரால் அறியப்படுகிறது. அதைத் தொடங்கிவைத்தது, துடைத்துச் சலித்த ஒரு பெண்ணின் முறையீடு.