தேயிலை மலையில் வாத்தியார் உருவான கதை

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். மலாயாவில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம் தோட்டத் துரைமார் மீது சுமத்திய கடமை இது. பிள்ளைகளின் தலையை எண்ணிய சட்டம், அவர்கள் முன்னால் நிற்கப்போகும் வாத்தியாரைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அவர் எங்கே பயின்றார், யார் அவருக்குப் பாடம் நடத்தக் கற்றுக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கத் தோட்டப்புறம் பல ஆண்டுகள் காத்திருந்தது.

கேமரன் மலைக்கு அந்தச் சட்டம் தேயிலைக்கு முன்பே வந்துவிட்டது. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்துவைத்த பீடபூமி வெகுகாலம் காடாகவே கிடந்தது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்ற ஏ.பி. மில்ன் இலங்கையில் தேயிலை பார்த்த துரை. 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. சரிவுகளை வெட்டித் திருத்திக் கன்று நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்கள். குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். பத்து என்ற எண்ணிக்கை எளிதில் நிறைந்தது. போ, சுங்கை பாலாஸ், புளூவேலி என்று தோட்டத்தின் பெயரையே இன்றும் சுமக்கும் தமிழ்ப்பள்ளிகளும், தானா ராத்தா, ரிங்லெட் போன்ற ஊர்ப் பள்ளிகளும் அந்தக் குடியேற்றத்தின் பிள்ளைகள்தாம்.

அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில் வாத்தியார் என்பவர் பெரும்பாலும் வேறு ஏதோ வேலைக்கு வந்தவர். கிராணியாக இருப்பார், கங்காணிக்கு உறவினராக இருப்பார், லயத்தில் கடிதம் எழுதவும் படிக்கவும் தெரிந்த ஒரே ஆளாக இருப்பார். காலையில் பள்ளி, பிறகு ஆபீஸ் கணக்கு என்று இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்த தோட்டங்கள் ஏராளம். பள்ளி நடந்த இடம் பல தோட்டங்களில் லயத்தை ஒட்டிய ஒரு கொட்டகை. பிள்ளைகளின் வருகையையும் தேர்ச்சியையும் பார்த்து அரசு மானியம் கொடுத்தது. அந்த மானியத்தில் வாத்தியாரின் பயிற்சிக்கென்று எதையும் தேட முடியாது.

இப்படி ஒருவர் எப்படி ஆசிரியரானார்? வகுப்புதான் அவரை ஆசிரியராக்கியது. ஓராசிரியர் பள்ளியில் அனா ஆவன்னா எழுதும் பிள்ளையும் கூட்டு வட்டி போடும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவர்களுக்குச் சிலேட்டில் எழுத்தை எழுதிக் காட்டிவிட்டு, பெரியவர்கள் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பிய நேரத்தில் சின்னவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆகவே பெரியவர்களில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து அந்த வரிசைக்குப் போகும். எழுத்தைச் சொல்லும், கையைப் பிடித்து எழுதவைக்கும், தப்பைக் காட்டிக் கொடுக்கும். அதுதான் சட்டாம்பிள்ளை. நாளைக்கு அதே பிள்ளை வாத்தியாராகவும் ஆகலாம். திண்ணைப் பள்ளியின் முறை கப்பலேறி மலாயாவுக்கு வந்து, மலையும் ஏறியிருந்தது.

இந்தச் சட்டாம்பிள்ளைக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மலையகத் தமிழர் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லம் ஒன்று தொடங்கியது. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல். ஒருநாள் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, அகரவரிசை வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். 1797-இல் பெல் அந்த அனுபவத்தை லண்டனில் நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. பெல்லின் பெயர் நின்றது. அந்தத் திண்ணையில் பாடம் நடத்திய வாத்தியாரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

1846-இல் கல்வி அதிகாரி கே-ஷட்டில்வொர்த் இங்கிலாந்தில் இந்த முறையை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தலைமையாசிரியரிடம் ஐந்து ஆண்டு தொழில் பழக விடுவது அவருடைய திட்டம். பகலில் மாணவ ஆசிரியர் பாடம் நடத்துவார். அதற்கு வெளியே தலைமையாசிரியர் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்து சோதிப்பார். இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது, கற்பிக்கப் பழகும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க அதே கட்டடத்தில் ஒரு மூத்தவர் இருந்தார் என்பது. கேமரன் மலையின் ஓராசிரியர் பள்ளியில் இல்லாமற்போனது அந்த மூத்தவர்தான். பழகும் வாய்ப்பு அங்கே வேண்டிய மட்டும் கிடைத்தது. பழகுவதைப் பார்த்து, ‘இந்தப் பிள்ளைக்கு நீங்கள் இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும்’ என்று எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மலாயாவில் மாணவ ஆசிரியர் முறை முதலில் ஆங்கிலப் பள்ளிகளுக்குத்தான் வந்தது. பகலில் வேலை, மாலையிலோ வார இறுதியிலோ ‘நார்மல்’ வகுப்பு. தமிழ்ப்பள்ளிகளுக்கு அப்படியொரு பகுதிநேரப் பயிற்சி 1930-களில்தான் எட்டியது. அதற்குள் இந்தியாவிலும் தோட்டத் தொழிலாளரின் நிலை பேசுபொருளாகியிருந்தது. 1936 கடைசியில் இந்திய அரசு அனுப்பிய ஸ்ரீநிவாச சாஸ்திரி மலாயாவுக்கு நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். பயிற்சி ஏற்பாடுகள் வேர்பிடிக்கும் முன்பே போர் வந்து பள்ளிகளைக் குலைத்துப்போட்டது.

போருக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்ற நெருக்கடி முற்றியது. ஏழாம் வகுப்பு தேறிய இளைஞர்களும் பெண்களும் பயிற்சி ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். வாரம் முழுக்கத் தோட்டப் பள்ளியில் பாடம். வார இறுதியில் பட்டணத்தில் பயிற்சி வகுப்பு. மூத்த தலைமுறைத் தமிழாசிரியர்கள் ‘நார்மல் பயிற்சி’ என்று பெருமையோடு சொல்வது இதைத்தான். மலைத்தோட்டத்து இளைஞருக்கு அதற்காகத் தாப்பா சாலையின் வளைவுகளில் இறங்கிப் பேராக் மாநிலத்துப் பட்டணங்களுக்கு வருவது லேசான காரியமாக இருந்திருக்காது. அந்தத் தலைமுறையின் உழைப்பைக் குறைத்துப் பேச முடியாது. தமிழ்ப்பள்ளிகள் கலைந்துபோகாமல் காத்தவர்கள் அவர்கள்தாம். ஆனாலும் பயிற்சி ஓரிடத்தில், வகுப்பு வேறிடத்தில் என்றிருந்தது. சனிக்கிழமை கேட்ட உளவியல் திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் எப்படி எடுபட்டது என்பதைப் பயிற்றுநர் பார்க்கவே இல்லை.

1957 பல வகையில் திருப்பம். ரசாக் அறிக்கையை ஒட்டி வந்த கல்விச் சட்டம் தமிழ்ப்பள்ளிகளை நாட்டின் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர் சம்பளம் தோட்டத்தின் தயவிலிருந்து விடுபட்டது. அதே ஆண்டில் பகல் பயிற்சி நிலையங்கள் தொடங்கின. அப்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. மிகப் பல தோட்டங்களில், அவற்றிலும் மிகப் பல ஒன்றிரண்டு ஆசிரியர்களோடு. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன. ஆசிரியர் பற்றாக்குறை மட்டும் ஓயவில்லை. 2000-களில்கூடப் பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்கள் பள்ளி நாளில் பாடம் நடத்தி, பள்ளி விடுமுறையில் பயிற்சிக்குப் போனார்கள். பழைய வார இறுதி வகுப்பு அப்போது விடுமுறை வகுப்பாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இன்று தமிழ்ப்பள்ளிக்கு வருபவர் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பட்டம் படிக்கிறார். முதலில் பள்ளிசார் அனுபவம்: பாடம் நடத்தாமல், பள்ளி எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து கவனிப்பது. அதன்பின் மூன்று கட்டமாகப் பயிற்றுப்பணி. கடைசிக் கட்டம்தான் நீண்டது. பயிற்சி ஆசிரியர் ஒவ்வொரு நாளும் பாடத்திட்டத்தைத் தாளில் எழுதிக் கோப்பில் வைக்கிறார். பீடிகை, படி ஒன்று, படி இரண்டு, மதிப்பீடு, முடிவு என்று நிமிடக் கணக்கோடு அது நிற்கும். பீடிகைக்கு ஐந்து நிமிடம் என்று எழுதியிருப்பார். கொண்டுவந்த படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினால் பத்து நிமிடம் போய்விடும். வகுப்பின் பின்வரிசையில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். குறித்த நாட்களில் கல்லூரி விரிவுரையாளரும் வந்து பார்ப்பார். பாடம் முடிந்ததும் எது எடுபட்டது, எது எடுபடவில்லை, ஏன் என்று பயிற்சி ஆசிரியரே ‘சிந்தனை மீட்சி’யாக எழுத வேண்டும். பழைய ஓராசிரியர் பள்ளியின் வாத்தியார் இவற்றில் ஒன்றையும் கண்டதில்லை.

இலங்கை மலையகம் இதே சிக்கலுக்குக் கண்ட வழி இன்னும் துணிச்சலானது. கொட்டகலைக்கு அருகே பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியோடு எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக அங்கே வழி பிறந்தது. அந்நாட்டுக் கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பின் கடைசி ஓராண்டு முழுவதும் பள்ளியிலேயே கழிகிறது. ஓராண்டு என்பது மழைக்காலத்தில் வருகை விழுவதையும், பண்டிகைக்கு முன்னும் பின்னும் வகுப்பு காலியாவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடும் காலம். சில வாரங்களில் அதைக் காண முடியாது.

கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்துக்கு இறங்கியதால் தோட்டப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சுருங்கியிருக்கிறது. பிள்ளைகள் மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு வகுப்புகளை இணைத்து ஒரே ஆசிரியர் நடத்தும் முறையும் மலேசியாவில் நடப்பில் உள்ளது. சிலேட்டுக் காலத்து வாத்தியார் யாரும் சொல்லித்தராமலே கற்ற அந்த வித்தை, ஒரு பக்கம் எழுதவிட்டு மறுபக்கம் பேசுவது, இப்போது முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட வேண்டிய பாடமாகிவிட்டது. அதைப் பட்டணத்துப் பெரிய பள்ளியில் பழக முடியாது. பயிற்றுப்பணியின் ஒரு கட்டத்தையாவது இப்படிப்பட்ட சிறிய பள்ளியில் வைக்க வேண்டும். பயிற்சி ஆசிரியர்கள் இருவராகச் சேர்ந்து போனால், ஒருவர் நடத்தும்போது மற்றவர் பார்த்துச் சொல்லலாம். விரிவுரையாளருக்கு மலையேறும் அலைச்சல் உண்டுதான். ஆனால் ஈப்போவிலிருந்து இப்போது சிம்பாங் பூலாய் வழியாகவும் மலைக்குச் சாலை இருக்கிறது.