துகிர் பிறந்த தீவு

பின்னலாடை வணிகத்தின் பொருட்டும் எந்திரங்கள் வாங்கும் பொருட்டும் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் இத்தாலி சென்று வருவோர் இன்று பலர். வேலை முடிந்து நான்கைந்து நாட்கள் மிஞ்சினால் ரோம், வெனிஸ் என்று சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த நாட்களைச் சிசிலிக்குத் தரலாம் என்பது என் எண்ணம். மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு அது. பரப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தொட்டபெட்டாவை விட எழுநூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எட்னா எரிமலை, அக்ரிஜெந்தோவின் கிரேக்கக் கோயில்கள், ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்து கொல்லப்பட்ட சிரக்யூஸ், அரபியரும் நார்மானியரும் அடுத்தடுத்து ஆண்ட பலேர்மோ ஆகியவற்றைப் பற்றி எந்தக் கையேடும் சொல்லும். கொங்கு நாட்டார் அங்கே காண வேண்டியவை வேறு இரண்டு உண்டு. அவை நமக்கு ஏன் முக்கியம் என்பதை எந்தக் கையேடும் சொல்லப்போவதில்லை.

முதலாவது திராப்பானி. பலேர்மோவுக்கு மேற்கே, தீவின் மூலையில், உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் துறைமுகம். பழம்பெயர் திரெபானா. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர் பிளினி, தம் 'இயற்கை வரலாறு' நூலின் 32ஆம் பகுதியில் உயர்ந்த பவளம் கிடைக்கும் கடல்களை எண்ணிச் சொல்லும்போது இவ்வூரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். அதே இடத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. நம்மிடமிருந்து வரும் முத்தை உரோமப் பெண்கள் எவ்வளவு மதிக்கிறார்களோ, அவ்வளவு பவளத்தை இந்தியர்கள் மதிக்கிறார்களாம். சொந்தக் கடலில் விளைவதை விட்டு அயல்கடலில் விளைவதற்கு ஏங்குவது இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு முசிறியில் வந்து இறங்கும் சரக்குகளில் காசு, செம்பு, ஈயம், மது இவற்றோடு பவளத்தையும் சேர்க்கிறது. திராப்பானியில் பவள வேலை பிற்காலத்திலும் செழித்தது. பதினேழாம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் செய்த பவளப் படைப்புகளை அங்குள்ள பெப்போலி அருங்காட்சியகத்தில் காணலாம்.

இங்கிருந்து அங்கே போனது என்ன? மிளகும் முத்தும் யாவரும் அறிந்தவை. நம் பகுதியின் பங்கு கல். கடல்நீரின் பச்சை ஓடிய பெரில் என்னும் மணிக்கல் இந்தியாவில் பிறப்பது, பிற இடங்களில் அரிது என்று பிளினி 37ஆம் பகுதியில் எழுதுகிறார். (அந்தப் பெயரே நம் வைடூரியத்தோடு உறவுடையது என்பர். இன்று நகைக்கடையில் வைடூரியம் என்று கேட்டால் வேறு கல்லைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.) காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் இக்கல் கிடைத்தது, 1819-20இல் ஆங்கிலேயர் ஒருவர் அங்கே சுரங்கம் வெட்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார். பண்டைக் காலத்தில் அக்கல்லை அறுத்து, மெருகேற்றி, துளையிட்ட பட்டறைகள் நொய்யலின் வடகரையில் கொடுமணலில் இருந்தன. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் பெரில், நீலம், சூதுபவளம், பளிங்கு ஆகியவற்றின் முற்றுப்பெறாத மணிகளும் கழிவுச் சில்லுகளும் மிகுதியாக வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து 67, 74ஆம் பாடல்களில் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் கொள்கை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டு இடைவெளி இல்லாதிருந்தால் இவ்வளவும் நடந்திராது. முசிறியில் இறங்கிய சரக்கு அவ்வழியே பேரூர், வெள்ளலூர் கடந்து நொய்யலை ஒட்டிக் கருவூர் வரை போயிற்று. வெள்ளலூரில் 1840களிலும் பின்னர் 1891, 1931 ஆண்டுகளிலும் உரோமக் காசுப் புதையல்கள் கிடைத்தன. முதற் புதையலில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள். பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் முகம் பொறித்தவை. இன்று கோவைக்காரரிடம் வெள்ளலூர் என்றால் மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வரும்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் விடக்கூடாது. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, துகிர் கீழைக்கடலுக்கு உரியது என்கிறது. பவளம் மேற்கிலிருந்து முசிறிக்கு வந்ததைக் கிரேக்கக் கையேடு சொல்ல, நம் புலவர் கிழக்கைக் காட்டுகிறார். தமிழ்ச் சான்று என்பதற்காக அதையே பிடித்துக்கொள்வதும், யவனர் எழுதியதே வரலாறு என்று நம்மவரைத் தள்ளுவதும் இரண்டுமே சோம்பல். நகைக்குரிய செம்பவளம் மத்தியதரைக் கடலின் விளைபொருள். ஆனால் பவளம் என்ற பெயரில் வழங்கியவை எல்லாம் ஓரினம் அல்ல. சோழர் துறைக்குக் கிழக்கிலிருந்து வேறொரு வகை வந்திருக்கலாம். சேரர் துறைக்கு வந்தது மேலைக்கடற் பவளம் என்றே நான் கொள்கிறேன். புறநானூற்று 218ஆம் பாட்டில் கண்ணகனார், கோப்பெருஞ்சோழனோடு உயிர்விட்ட பிசிராந்தையாரை நினைத்து, பொன்னும் துகிரும் முத்தும் மணியும் தொலைதூரத்தில் தனித்தனியே பிறந்தாலும் ஓர் அணியில் வந்து சேர்வதை உவமையாக்குகிறார். வகுப்பில் இதை நட்பின் பாட்டாக மட்டுமே நடத்துகிறோம். அந்த உவமைக்குப் பின்னால் கப்பலும் வண்டிப் பாதையும் பட்டறையும் இருக்கின்றன.

இரண்டாவது இடம் தீவின் நடுவே, பியாத்சா அர்மெரினா ஊருக்கு அருகில் உள்ள காசாலே மாளிகை. நான்காம் நூற்றாண்டுக் கட்டடம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலச்சரிவில் புதைந்து, இருபதாம் நூற்றாண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பேருந்திலோ வாடகைக் காரிலோதான் போக வேண்டும். தரை முழுவதும் வண்ணக் கற்சில்லுகளால் ஆன ஓவியங்கள். பயணிகள் கூட்டம் உடற்பயிற்சி செய்யும் பெண்களின் படத்தின்முன் நின்றுவிடும். நீங்கள் அறுபது மீட்டருக்கும் நீண்ட வேட்டை நடைக்கூடத்தின் தென்கோடிக்குப் போங்கள். கருநிறப் பெண் ஒருத்தி யானைத் தந்தம் ஏந்தி அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் யானை, புலி. இவள் இந்தியாவின் உருவகம் என்பர் பலர். ஆப்பிரிக்கா என்பாரும் உண்டு. புலி ஆப்பிரிக்காவில் இல்லை என்பதால் நான் முதற் கட்சி. ஓவியர்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று கருதப்படுகிறது. இந்தியாவைக் கண்டிராத ஒருவன், சந்தையில் கேட்ட கதைகளையும் கையில் வாங்கிப் பார்த்த தந்தத்தையும் கொண்டு ஒரு நாட்டுக்கு முகம் கொடுத்திருக்கிறான்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்க்கவும். சிரக்யூஸ் பக்கம் 2021 ஆகஸ்டில் 48.8 பாகை வெப்பம் பதிவாகி ஐரோப்பாவின் உச்சமாயிற்று. புறப்படுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமணல் போய்வருவது நல்லது. சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். காசாலேயில் ஓவியங்களுக்கு மேலே கூரை உண்டு, நின்று பார்க்க நடைமேடை உண்டு. இங்கே விளைநிலங்களுக்கு இடையில் ஈமக் கற்கள் வெயிலில் கிடக்கின்றன.