டெசர்ட் சென்டர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில், இண்டியோ, பிளைத் என்னும் நகரங்களுக்கு ஏறக்குறைய நடுவே, 10-ஆம் எண் நெடுஞ்சாலையினின்று 177-ஆம் எண் மாநிலச் சாலை பிரியுமிடத்தில் உள்ள பாலைவனச் சிற்றூர். 2010-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் 204 பேர்.

சமயப் போதகரும் பருத்தி விவசாயியுமான ஸ்டீபன் ராக்ஸ்டேல், 1915-இல் இவ்வழியே செல்கையில் வண்டி பழுதுற்றுத் தவித்தபோது, பொன் தேடி அங்கே தனித்து வாழ்ந்த ஒருவரால் காப்பாற்றப்பட்டார். பின்னர் அந்நிலத்தையே வாங்கிக் குடும்பத்துடன் குடியேறி, 1921-இல் ஊரை நிறுவி, வழிப்போக்கருக்கு உணவும், பீப்பாயிலிருந்து கையால் இறைத்த பெட்ரோலும் விற்றார். புதிய சாலை ஐந்து மைல் வடக்கே அமைந்தபோது ஊரையும் அங்கே பெயர்த்துச் சென்றார்.

இவ்வூரின் மெய்யான பெருமை வைத்திய சரித்திரத்தைச் சார்ந்தது. கொலராடோ ஆற்று நீரைத் தென் கலிபோர்னியாவுக்குக் கொணரும் 242 மைல் நீர்வழிக்காகப் பாலைவனத்தில் உழைத்த ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கென, சிட்னி கார்ஃபீல்டு என்னும் இளம் மருத்துவர் 1933-இல் இவ்வூருக்கு அருகே 12 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியொன்றைக் கட்டினார். காப்பீட்டுக் கம்பெனிகள் பணந்தரத் தாமதித்தமையாலும், கையில் காசில்லாதவரைத் திருப்பியனுப்ப அவர் மனம் ஒவ்வாமையாலும், ஆஸ்பத்திரி விரைவிலேயே கடனில் மூழ்கலாயிற்று. அந்நிலையில், காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹரோல்டு ஹாட்ச் கூறிய யோசனைப்படி, வேலையில் நேரும் காயங்களுக்காகத் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டியே செலுத்தியது. மேலும் 5 சென்ட் தாமே தந்த தொழிலாளருக்குப் பிற நோய்களுக்கும் சிகிச்சை கிடைத்தது. வருமானம் இவ்வாறு நிலைப்பட்டபின், நோயாளி மிகுவதில் மருத்துவருக்கு ஆதாயமில்லை. ஆகவே கார்ஃபீல்டு வேலைத்தலங்களுக்கே சென்று, பலகைகளில் துருத்திநின்ற ஆணிகளை அடித்து மடக்கி, காயம் நேராமற் காப்பதிலும் கருத்துச் செலுத்தினார். வைத்தியனின் நலனும் தொழிலாளியின் ஆரோக்கியமும் ஒருவழிப்பட்ட இவ்வேற்பாடே இம்முறையின் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. 1938-இல் கிராண்ட் கூலி அணைக்கட்டிலும், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் தொழிலதிபர் ஹென்றி கைசரின் கப்பல்தளங்களிலும் இம்முறை பரவி, 1945-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று கைசர் பெர்மனென்டே எனப்படும் பெரும் மருத்துவ ஸ்தாபனத்தின் வேர் இதுவே.

அந்த யுத்தத்தின்போது, 1942-இல், அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் பாட்டன் இப்பிரதேசத்தில் பாலைவனப் போர்ப்பயிற்சி நடத்தினார். வடக்கேயுள்ள ஈகிள் மவுண்டன் இரும்புச் சுரங்கத்தைக் கைசர் நிறுவனம் 1948 முதல் 1983 வரை நடத்தியது. சுரங்கம் மூடப்பட்டதனால் அக்கம்பக்கத்தின் பிழைப்பு பெரிதும் குன்றியது. ராக்ஸ்டேல் நிறுவிய உணவுச்சாலையும் 2012-இல் மூடப்பட்டது. ஊருக்கு வடக்கே 2015-இல் நிறைவெய்திய 550 மெகாவாட் சூரிய மின்நிலையம் மாநில மின் நிறுவனங்களுக்கு மின்சாரம் வழங்கி வருகிறது.